ஒப்பந்தத்தில் 6 கிலோ, ரிங்கில் 12 கிலோ

பெங்களூரு அல்சூரில் குத்துச்சண்டை சொல்லித்தரும் 41 வயது முன்னாள் சாம்பியன் ஒருவருக்கு, தன்னைவிட 14 வயது இளைய, எடை கூடிய ஒருவரோடு மோத அழைப்பு வந்தது. அந்த அழைப்பை அவரும் குடும்பமும் நாங்களும் எப்படி ஆராய்ந்தோம் என்பதன் பதிவு இது. நான் பிசியோதெரபிஸ்ட். குத்துச்சண்டை, கபடி ஆட்களோடுதான் பெரும்பாலும் வேலை. அவருடைய வலது தோளைப் பல வருடங்களாக நான்தான் பார்த்து வருகிறேன். "பேரு வேணாம், மத்தது எல்லாத்தையும் எழுதிக்கோ" என்று அனுமதி கொடுத்தார். அதனால் ஏரியாவில் எல்லோரும் கூப்பிடுகிறபடி ‘மாஸ்டர்’ என்றே எழுதுகிறேன்.

ஆளும் அழைப்பும்

மாஸ்டருக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். இளம் வயதிலேயே மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சேர்ந்தவர். அந்தப் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதன் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்ற செல்லப்பெயர் உண்டு என்பது பெங்களூர்த் தமிழர்கள் பலருக்கும் தெரியும். பழைய 69 கிலோ பிரிவில் ராணுவப் போட்டிகளில் தங்கம் வாங்கியிருக்கிறார். ஹவில்தாராக ஓய்வு பெற்று மர்ஃபி டவுனில் குடியிருக்கிறார். பகலில் ஒரு ஐ.டி. வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி. இப்போதைய எடை 76 கிலோ.

அமெச்சூர் போட்டிகளில் 40 வயதோடு கதவு சாத்தப்படுகிறது. மேரி கோம் விஷயத்தில் இந்த வயது வரம்பு பற்றி நாடே பேசியது. அதற்கு மேல் ஆட வேண்டுமென்றால் தொழில்முறை மேடைதான். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய கூடத்தில் சண்டை இரவு நடத்தும் ஒருவர் மாஸ்டரைத் தேடி வந்தார். "முன்னாள் ராணுவ சாம்பியன் மீண்டும் ரிங்கில்" என்று போஸ்டர் போடலாம் என்பது அவர் கணக்கு. 6 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம், ஒப்பந்த எடை 82 கிலோ வரை, 4 லட்சம் ரூபாய். ஒரு லட்சம் முன்பணம்.

இந்த முன்பணம்தான் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது. வீட்டில் சொல்வதற்கு முன்பே மாஸ்டர் அதை வாங்கிவிட்டார். வாங்கிய வாரமே மகளின் இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கட்டிவிட்டார். எங்களிடம் விஷயம் வந்தபோது, ‘ஆடலாமா வேண்டாமா’ என்ற கேள்வியோடு ‘ஆடாவிட்டால் பணத்தை எங்கிருந்து திருப்புவது’ என்பதும் ஒட்டிக்கொண்டே வந்தது. வயதான வீரர்களின் முடிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கௌரவம், வெறி, கைதட்டல் என்று நிறைய எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை பாதிக் கதை ஃபீஸ் ரசீதில் இருக்கிறது.

அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இவரு ஆடுறதுக்கு நான் வேணாம்னு சொல்லல தம்பி. பொழைக்கிற பொழப்பே அதுதான். ஆனா போன மாதிரியே திரும்பி வருவாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு." அப்படி எழுதிக் கொடுக்க எந்த பிசியோவாலும், எந்த டாக்டராலும் முடியாது. எதை எதை எழுதி வாங்கினால் ஆபத்து குறையும் என்று பார்க்க மட்டும்தான் முடியும். அந்த வேலையைத்தான் தொடங்கினோம்.

எடை என்ற கணக்கு

எதிராளிக்கு 27 வயது. ஒப்பந்த எடை 82, மாஸ்டர் 76. தாளில் 6 கிலோ வித்தியாசம். "ஆறு கிலோ ஒரு விஷயமா? ஆர்மியில அஞ்சு கிலோ கூட இருக்கிறவனோட தினமும் ஸ்பாரிங் பண்ணியிருக்கேன்" என்றார் மாஸ்டர். ஸ்பாரிங் என்பது பயிற்சிச் சண்டை.

எதிராளி தன் பழைய சண்டைக்குச் சில வாரங்கள் முன்பு ஜிம் தராசில் ஏறி நிற்கும் வீடியோவை அவரே சமூக ஊடகத்தில் போட்டிருந்தார். அதில் 91 கிலோ காட்டியது. அந்தச் சண்டைக்கான எடை பார்க்கும் நாளில் 82க்குக் கீழே இருந்திருக்கிறார். கடைசி நாட்களில் உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, வியர்வை உடையில் ஓடி உடம்பைப் பிழிவது இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். நடுவில் கிட்டத்தட்ட 24 மணி நேரம் கிடைக்கிறது. தண்ணீர், உப்பு, சோறு எல்லாம் உள்ளே போனால் ஐந்தாறு கிலோ திரும்ப ஏறுவது பெரிய காரியமில்லை. ஆக, ரிங்கில் நிற்கப்போவது 88 கிலோவுக்குக் குறையாத ஆள் என்று கணக்குப் போட்டோம். மாஸ்டர் எடையைக் குறைக்கவும் வேண்டியதில்லை, ஏற்றவும் முடியாது. அவர் 76தான். அப்படிப் பார்த்தால் நிஜ வித்தியாசம் 12 கிலோ.

பெரிய சாம்பியன் போட்டிகளில் இந்தத் தந்திரத்துக்கு ஒரு பூட்டு இருந்தது. உலகப் பட்டங்கள் வழங்கும் ஐ.பி.எஃப். அமைப்பு பல வருடங்களாகத் தன் பட்டப் போட்டிகளில் சண்டை நாள் காலையில் இன்னொரு முறை எடை பார்த்து வந்தது. பிரிவின் வரம்புக்கு மேல் 10 பவுண்டுக்கு அதிகமாக ஏறியிருக்கக் கூடாது என்பது அதன் விதியாக இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

மாஸ்டர் காட்டிய உதாரணங்கள்

அவர் கையில் இரண்டு பெயர் தயாராக இருந்தது. ஒன்று டெரன்ஸ் க்ராஃபோர்ட். 2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில், 37 வயதில், இரண்டு எடைப் பிரிவு தாண்டி ஏறி, கனெலோ அல்வாரெஸைப் புள்ளிகளில் வென்றார். அன்று இரவு மாஸ்டரின் ஃபோன் ஸ்டேட்டஸ் முழுக்க அதுதான். ஆனால் அந்தச் சண்டையில் இருவருக்கும் 168 பவுண்டு என்ற ஒரே வரம்பு. கனெலோவுக்கும் 35 வயது. க்ராஃபோர்ட் தோல்வியே காணாதவர், உச்ச மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். மாஸ்டர் கடைசியாகப் போட்டியில் ஏறியபோது அவர் மகள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று ராய் ஜோன்ஸ் ஜூனியர். 2003 மார்ச்சில் 193 பவுண்டு எடையோடு போய், 226 பவுண்டு ஜான் ரூயிஸை ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டையில் ஜெயித்தார். 15 கிலோ வித்தியாசம். இது மாஸ்டருக்குச் சாதகமான உதாரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ரூயிஸ் மெதுவானவர், ஜோன்ஸின் கை அந்தக் காலத்தில் யாருக்கும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வருடம் நவம்பரில் 175 பவுண்டுக்கு இறங்கி அன்டோனியோ டார்வரோடு மோதி, திணறித்தான் ஜெயித்தார். 2004 மே மாதம் அதே டார்வரிடம் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். 34 வயதில் எடையை ஏற்றி இறக்கியதற்கு உடம்பு கேட்ட விலை என்று பலரும் அதைச் சொல்வார்கள். வயதும் சேர்ந்துதான் கேட்டது என்பது என் கருத்து.

நான் பதிலுக்கு வைத்தது 1952இல் நடந்த சண்டை. சுகர் ரே ராபின்சன் மிடில்வெயிட் சாம்பியன். தன்னைவிடச் சுமார் 7 கிலோ கூடிய லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு யாங்கி ஸ்டேடியத்தில் மோதினார். ஜூன் மாத வெக்கை. வெக்கை தாங்காமல் நடுவரையே பாதியில் மாற்ற வேண்டியிருந்தது. புள்ளிகளில் ராபின்சன் முன்னிலையில் இருந்தார். 13வது சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரால் 14வதுக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, கனமான ஆளைச் சுமந்தே தீர்ந்துபோனார். கனத்த எதிராளி அடித்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்றில்லை, சாய்ந்துகூட ஜெயிக்கலாம். எங்கள் பரிசோதனையிலும் இதுவேதான் தெரிந்தது.

மூன்று சுற்று வீடியோ

ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டோம். மாநில அளவில் ஆடுபவன், 86 கிலோ. முழு வேகம் வேண்டாம், முக்கால் போதும் என்று சொல்லிவைத்தோம். ஃபோனை ரிங் கம்பத்தில் கட்டிவிட்டு மூன்று சுற்று விட்டோம்.

முதல் சுற்று பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. மாஸ்டர் ஜேப் (முன் கையால் நேராக விடும் குத்து) போடுகிறார், இடது பக்கம் ஓரடி நகர்கிறார், பையன் காற்றை அடிக்கிறான். சுற்றி நின்ற சின்னப் பையன்கள் விசில் அடித்தார்கள். இரண்டாவதில் பையன் நெருங்கிப் பிடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கிளிஞ்சிலும் அவன் தலையையும் தோளையும் மாஸ்டர் கழுத்து மேல் போட்டான். பிரித்துவிட்டதும் மாஸ்டருக்கு மூச்சு ஒரு நொடி தாமதமாக வருகிறது. மூன்றாவதில் நான் பயந்தது நடந்தது. ஜேப் போட்ட கையைத் திருப்பி எடுக்கும்போது வலது கை கன்னத்துக்குப் போகவில்லை, நெஞ்சிலேயே நின்றது. பழைய தோள்வலியும் களைப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. சுத்தமான அடி என்று அவர் வாங்கியது கொஞ்சம்தான். ஆனால் கையால் தடுத்த அடிகூட அவரை அரை அடி பின்னால் தள்ளியது. அரை அடி பின்னால் போனால் அவருடைய ஜேப் எட்டாது. எட்டாத ஜேப்பை எட்டவைக்க முன்னால் சாய்கிறார். சாய்ந்தால் தலை வெளியே வருகிறது. பார்க்கச் சின்னத் தவறாகத் தெரிந்தாலும், எடை வித்தியாசம் என்பது ரிங்கில் இப்படித்தான் வேலை செய்கிறது.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்து அவரே அந்த வீடியோவைப் பார்த்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இவனை எவன்டா டிரெயின் பண்ணான், கையை எறக்கிட்டு நிக்கிறான் பாரு" என்றார், தன்னைத்தான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "ரெண்டு மாசம் இருக்கில்ல, ஸ்கிப்பிங்கைக் கூட்டினா சரியாயிடும்" என்று சொல்லி மாஸ்டர் டீயை முடித்தார். அந்த வீடியோ அவர் மனதை மாற்றிவிடவில்லை.

மாற்றியது ஒரு பெருக்கல். கனமான ஆளோடு மோத வேண்டுமானால் கனமான ஆட்களோடு பயிற்சி எடுக்க வேண்டும். 8 வாரம், வாரத்தில் 3 நாள், நாளுக்கு 4 சுற்று. 96 சுற்று. சண்டை வெறும் 6 சுற்று. அந்த 6 சுற்றுக்காக 85 கிலோ ஆட்களிடம் 96 சுற்று அடி வாங்க வேண்டும், அதுவும் போஸ்டர் இல்லாமல், டாக்டர் இல்லாமல், காசு இல்லாமல். மூளைக்கு எந்த அடி போட்டி, எந்த அடி பயிற்சி என்று தெரியாது. 1928இல் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் முதன்முதலில் மருத்துவ இதழில் எழுதியதிலிருந்து இன்றுவரை கவலை ஒன்றுதான்: வருடக்கணக்கில் சேர்கிற அடி. பையன்களுக்கு ஸ்பாரிங்கை அளந்து கொடுக்க வேண்டும் என்று மாஸ்டரே தினமும் கத்துகிறவர். 96 என்ற எண்ணைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மருத்துவப் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இதயப் பரிசோதனை, கண், ரத்தம் எல்லாம் நன்றாக இருந்தன. மூளை எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை. நடுச்சவ்வில் சிறு இடைவெளி இருந்தது. குத்துச்சண்டைக்காரர்களிடம் அடிக்கடி காணப்படுவது, அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்றார் நரம்பியல் மருத்துவர். ஆடக்கூடாது என்று அவர் எழுதவில்லை. ஆடச் சொல்லி எழுதவும் மறுத்துவிட்டார்.

சண்டை இரவு நடத்தும் நடத்துநருக்கு இது போதுமானதாக இருந்தது: "ஸ்கேன் கிளீன், அப்புறம் என்ன சார்?" ஸ்கேன் சொல்வது நேற்றுவரை நடந்ததை. வயது ஏற ஏற மூளை மெல்லச் சுருங்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். 41 வயதில் இந்தச் சுருக்கம் அதிகம் இருக்காது, உண்மைதான். ஆனால் ரிங்கில் உயிரைப் பறிக்கிறவற்றில் முதலிடம் அந்தக் குழாய் கிழிந்து வரும் ரத்தக்கட்டுக்குத்தான். ‘ஹெட்கியர் போட்டுக்கலாம்’ என்று நடத்துநர் சலுகை மாதிரி சொன்னதும் இங்கே உதவாது. ஹெட்கியர் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது.

தாளில் கேட்டவை

நாங்கள் ஒரு தாள் தயாரித்தோம். வக்கீல் தமிழ் எல்லாம் இல்லை, மாஸ்டரே கையால் எழுதினார்.

முதலில், சண்டை நாள் காலை 8 மணிக்கு இரண்டாவது எடை, 85 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அடுத்து, சுற்றுக்கு 2 நிமிடம். பிறகு, கார்னர் (வீரரின் மூலையில் நிற்கும் உதவியாளர்) துண்டை எறிந்தால் நடுவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இந்த உரிமை ஏன் முக்கியம் என்பதற்கு 2016இல் லண்டனில் நடந்த கெல் புரூக் – கோலோவ்கின் சண்டை போதும். வெல்டர்வெயிட்டிலிருந்து மிடில்வெயிட்டுக்கு ஏறிப் போன புரூக்குக்குக் கண்குழி எலும்பு உடைந்தது. ஐந்தாவது சுற்றில் அவர் பயிற்சியாளர் துண்டை எறிந்தார். புரூக் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். நிற்கிற ஆளை நிறுத்த மனது வேண்டும். மாஸ்டரின் கார்னரில் யார் என்று பேச்சு வந்தபோது அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் அவருடைய மாணவர்கள். குருநாதர் ஆடும்போது துண்டை எறிய எந்த மாணவனுக்குக் கை வரும்? ராணுவத்தில் அவருக்கு மூத்தவராக இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரைத்தான் கார்னரில் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "அவரு முதல் சுற்றுலயே எறிஞ்சிடுவாரு" என்றார் மாஸ்டர். சரி, அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

கடைசி நிபந்தனை ஆம்புலன்ஸ். மாஸ்டருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது, எனக்கு இதுதான் உயிர்நாடி. 1991இல் லண்டனில் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் ரிங்கில் சரிந்தார். பக்கத்தில் உயிர்காக்கும் சிகிச்சை தயாராக இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவை வசதியும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு வாழும் நிலை ஆனது. ரிங்கருகே தகுந்த மருத்துவ ஏற்பாட்டுக்கு வழிசெய்யாதது அலட்சியம் என்று பின்னால் நீதிமன்றம் அங்குள்ள குத்துச்சண்டை வாரியத்தின் மீதே பொறுப்பைச் சுமத்தியது. 1981இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த வகை ரத்தக்கட்டோடு கோமாவில் வந்த 82 பேரில், 4 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம், தாமதமானவர்களில் 90 சதவீதம். நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 2022 ஜூலையில் பெங்களூரில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்டு விழுந்த மைசூர் இளைஞர் மருத்துவமனையில் இறந்தார். போட்டி நடந்த இடத்தில் மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பம் புகார் கொடுத்தது.

நடத்துநரின் முதல் பதில், "108க்கு அடிச்சா வந்துடும் சார்." சனிக்கிழமை இரவு, ஒயிட்ஃபீல்டு. அங்கிருந்து ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பெங்களூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கமே மூளை அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. ஆனால் அவர் ஏற்பாடு செய்திருந்தது பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோம். அறுவை வசதி உள்ள மருத்துவமனையிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும், ஆம்புலன்ஸ் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், அது கிளம்பினால் மறு வண்டி வரும்வரை சண்டை நிற்க வேண்டும் என்று எழுதினோம்.

ஆச்சரியம், இதற்கு அவர் ஒப்புக்கொண்டார். 2 நிமிடச் சுற்றுக்கும் சரி, துண்டுக்கும் சரி. மாட்டேன் என்றது இரண்டாவது எடைக்கு மட்டும். "பையன் வீக் ஆயிடுவான்" என்று எதிர்த்தரப்பு சொல்கிறதாம். 82 கிலோவுக்கு ஒப்பந்தம் போட்ட ஆள் மறுநாள் 85க்குள் இருந்தால் வீக் ஆகிவிடுவான் என்றால், அவன் எத்தனை கிலோவில் ஏறப்போகிறான்? நாங்கள் போட்ட கணக்கு சரிதான் என்று அந்த மறுப்பே சொல்லிவிட்டது.

முடிவு

அந்த ஒரு வரிக்கு ஒப்புக்கொண்டிருந்தால் நான் எதிர்த்திருக்க மாட்டேன். மாஸ்டரும் ஆடியிருப்பார். மறுத்த பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். மனைவியும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரே ஃபோன் போட்டு வேண்டாம் என்றார். என்னிடம் சொன்ன காரணம்: "எடையில பொய் சொல்றவன் ஆம்புலன்ஸ்லயும் பொய் சொல்லுவான் தம்பி."

முன்பணம்தான் இழுத்தது. நடத்துநர் முதலில் கொதித்தார், அப்புறம் கணக்குப் பேசினார். அன்றைய இரவில் ஆடும் இரண்டு புதுப் பையன்களுக்கு மாஸ்டர் பயிற்சி கொடுத்து, கார்னரிலும் நிற்பது என்று பேசி 60,000 கழித்துக்கொண்டார்கள். பாக்கி 40,000க்கு மாஸ்டரின் மனைவி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார். அதில் நஷ்டம்தான்.

கார்னர் வேலைக்காக உள்ளே போனதால் மாஸ்டர் உடைமாற்றும் அறைத் தராசையும் பார்த்தார். எதிராளி சும்மா ஏறி நின்றபோது 88.4. மாஸ்டருக்குப் பதிலாக ஆடிய 84 கிலோக்காரர் ஆறு சுற்றும் தாங்கிப் புள்ளியில் தோற்றார். திரும்பி வரும்போது காரில் மாஸ்டர் விடவில்லை: "அவன் மூணாவதுலயே வாயைத் திறந்துட்டான். நான் இருந்திருந்தா அஞ்சாவதுல உக்காத்தி வெச்சிருப்பேன்." இருக்கலாம். அந்த வாய்ப்பு இல்லை என்று நான் என்றுமே சொல்லவில்லை.

இப்போது வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. 43 வயது முன்னாள் ரயில்வே வீரரோடு மூன்று சுற்றுக் காட்சிப் போட்டி, 78 கிலோ, பணம் குறைவு. முன்பணத்தைத் தொடாமல் அதே கையெழுத்துத் தாளை மாஸ்டர் முதலில் அனுப்பியிருக்கிறார். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.